தெரபி அறையில் வக்கீலாக உட்கார்ந்திருப்பது

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நெடுநாள் வாசகி, முதல் கடிதம். பெயரை வெளியிட வேண்டாம்.

எனக்கும் கணவருக்கும் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், பல மாதங்கள் பேசிப் பேசி, இருவருக்குமே வேறு துணையும் இருக்கலாம் என்று முடிவு செய்தோம். ஒளிவுமறைவு கிடையாது. எனக்கு இன்னொருவர் இருக்கிறார். கணவரும் அவரும் பழகியிருக்கிறார்கள். போன ஆண்டு என் அம்மா இறந்துபோனார். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஒரு தெரபிஸ்டிடம் போனேன். இரண்டாவது அமர்வில் பேச்சோடு பேச்சாக எங்கள் ஏற்பாட்டைச் சொன்னேன். அத்தோடு அம்மா அந்த அறையிலிருந்து காணாமல் போய்விட்டார். “கணவரிடம் என்ன குறை?”, “இதற்குப் பின்னால் என்ன காயம்?” என்பதிலேயே மற்ற அமர்வுகளும் கழிந்தன. நான்கோடு நிறுத்திவிட்டேன்.

இப்படிப்பட்ட உறவுகளைக் குறையாகப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டு பேசும் ‘அஃபர்மிங் தெரபி’ செய்பவராகப் பார்த்துப் போ என்கிறாள் தோழி. எனக்குச் சந்தேகம். நான் செய்வதெல்லாம் சரி என்று தலையாட்ட ஒருவர் வேண்டுமென்றால் தோழியே போதுமே? இன்னொன்று. சமீபமாக, நான் வெளியே தங்கிவிட்டுத் திரும்பும் நாட்களில் கணவர் சரியாகப் பேசுவதில்லை. புதிய தெரபிஸ்டிடம் இதைச் சொன்னால் “அப்போதே தெரியும்” என்பாரோ என்று பயமாக இருக்கிறது.

ர.

*

அன்புள்ள ர.,

அம்மாவை இழந்திருக்கிறீர்கள். உங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். அந்த நான்கு அமர்வுகளில் இதை யாரும் சொன்னது போலத் தெரியவில்லை, அதனால் முதலில் இது.

நான் தெரபிஸ்ட் இல்லை. பல வருடங்களாக அந்த வேலையில் இருக்கும் தோழி ஒருவரோடு உங்கள் கேள்வியைப் பற்றி (உங்களைப் பற்றி அல்ல) நிறையப் பேசினேன். கீழே இருப்பதில் பாதி அவருடையது. எது எவருடையது என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கணவர் பேசாமலிருப்பது உங்களை வருத்துகிறது. வருத்தத்தைச் சொல்வதற்கென்றே இருக்கும் இடத்தில் அதைச் சொல்ல பயப்படுகிறீர்கள். முந்தைய தெரபிஸ்ட் உங்களுக்குச் செய்த பெரிய கெடுதல் இதுதான் என்று நினைக்கிறேன். அவர் கேள்விகள் புண்படுத்தின, அது ஆறிவிடும். ஆனால் அவர் உங்களை உங்கள் உறவுக்கே வக்கீலாக்கிவிட்டார். கட்சிக்காரருக்குப் பாதகமான எதையும் வக்கீல் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பொறாமை, சலிப்பு, யாரோடு எந்த நாள் என்ற அட்டவணைச் சண்டை, ‘இதை ஏன்தான் ஆரம்பித்தோமோ’ என்று நடு இரவில் வரும் நினைப்பு, எல்லாவற்றையும் மறைத்து ‘நாங்கள் நன்றாக இருக்கிறோம்’ என்று சொல்லவேண்டியதாகிறது. ஆக, உறவைச் சந்தேகிக்கும் தெரபிஸ்டுக்குத்தான் அந்த உறவின் உண்மையான சிக்கல் கடைசிவரை தெரியாமல் போகிறது.

உங்கள் அனுபவம் அபூர்வமானதும் அல்ல. சம்மதத்தோடு ஒன்றுக்கு மேற்பட்ட துணை கொண்டவர்கள் 249 பேரிடம், தெரபியில் எது உதவியது, எது புண்படுத்தியது என்று கேட்டு ஷெக்கிங்கர் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அதில் வந்த புகார்கள் உங்கள் கடிதம் போலவே இருக்கின்றன: வந்த பிரச்சினையை விட்டுவிட்டு உறவின் வடிவத்தையே நோயாகப் பார்த்தது, விஷயம் தெரியாமல் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டில் அமெரிக்க உளவியல் சங்கத்தில் பாலீர்ப்பு, பாலின வேறுபாடுகளைக் கவனிக்கும் 44ஆம் பிரிவு இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தது. இப்படி வாழ்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் அப்போது மணவாழ்க்கையில் இல்லாத 8,700க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகள் 2017இல் வெளிவந்தன. வாழ்க்கையில் ஒருமுறையாவது இப்படியொரு உறவில் இருந்ததாகச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் மேல்.

சரி, தலையாட்டும் விஷயத்துக்கு வருவோம். ‘அஃபர்மிங்’ என்ற பெயர் எனக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எதற்கும் ஆமாம் போடுவார்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. நடைமுறை வேறு. ஒரே துணையோடு வாழும் ஒருவர் தூக்கமில்லை என்று வந்தால், ‘ஒருவரோடு மட்டும் வாழ்வதுதான் காரணமோ’ என்று எந்தத் தெரபிஸ்டும் கேட்பதில்லை. ஆனால் அந்தத் திருமணத்துக்குள் என்ன நடக்கிறது என்று தாராளமாகக் கேட்பார், கேட்கவும் வேண்டும். உங்களுக்கும் அதே மரியாதை, அதே கேள்விகள். அவ்வளவுதான் விஷயம்.

எனவே நல்ல அஃபர்மிங் தெரபிஸ்ட் உங்களைச் சங்கடப்படுத்தவும் செய்வார். ‘பல மாதங்கள் பேசி முடிவு செய்தோம் என்கிறீர்களே, அதில் யார் அதிகம் பேசினார்கள்?’ என்று கேட்கலாம். மறுத்தால் துணை போய்விடுமோ என்ற பயத்தில் ஒருவர் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒருமுறை கொடுத்த சம்மதம் மூன்று வருடம் கழித்தும் அப்படியே இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. (இதை எழுதும்போது உங்கள் கணவர்தான் நினைவுக்கு வருகிறார். ஆனால் அவர் மௌனத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். மாமியாரை அவரும்தானே இழந்திருக்கிறார்.) உங்கள் இன்னொரு துணையின் நிலை என்ன, முடிவுகளில் அவருக்கும் குரல் உண்டா, அல்லது கணவனும் மனைவியும் எடுத்த முடிவை அவர் கேட்டுக்கொள்ள மட்டும்தானா என்றும் கேட்கலாம். வடிவத்தை விசாரிக்க மாட்டேன் என்று ஒருவர் முடிவு செய்துகொண்டால் உள்ளே இருப்பதை எவ்வளவு கறாராகவும் கேட்க முடியும்.

பொறாமையைப் பற்றி என் தெரபிஸ்ட் தோழி சொன்ன ஒன்று. இப்படி வாழ்கிறவர்கள் பலர் தங்களுக்குப் பொறாமையே வரக்கூடாது என்று நினைத்துக்கொள்கிறார்களாம். துணையின் வேறொரு காதலைப் பார்த்து வரும் மகிழ்ச்சிக்கு ‘கம்பர்ஷன்’ என்று இவர்களிடையே ஒரு சொல் உண்டு. அழகான அனுபவம்தான். அது வராதவர்கள் தாங்கள் பரீட்சையில் தோற்றுவிட்டதாக வெட்கப்படுகிறார்கள், வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். பொறாமை வந்தால் ஏற்பாடு தோற்றது என்று பழைய தெரபிஸ்ட் சொல்வார். நீ தோற்றாய் என்று சில சமயம் சொந்த வட்டமே சொல்லும். அப்படிப்பட்டவரிடம் தோழி முதலில் கேட்பது, ‘எந்த நேரத்தில் வருகிறது?’ என்பது. துணை கிளம்பும்போதா, திரும்பி வந்து போனைப் பார்த்துச் சிரிக்கும்போதா? பதில் பெரும்பாலும் மிகச் சின்னதாக இருக்குமாம்.

புதியவரை எப்படிக் கண்டுபிடிப்பது? விளம்பரத்தில் ‘அனைவரையும் ஏற்கிறோம்’ என்று இருப்பதை நம்பாதீர்கள். முதல் போன் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்: “எனக்கும் கணவருக்கும் வேறு துணைகள் உண்டு, பரஸ்பரச் சம்மதத்தோடு. நான் வருவது அம்மாவின் மரணத்துக்காக. இப்படிப்பட்டவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா?” ‘இல்லை, ஆனால் படித்துக்கொள்கிறேன்’ என்றால் அது நல்ல பதில். ‘எனக்கு எந்தத் தப்பெண்ணமும் கிடையாது’ என்று அவசரமாகச் சொல்பவரிடம் நான் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பேன். அப்புறம், உங்கள் வீட்டு விதிகள் என்ன என்று அவர் கேட்டால் கோபப்பட வேண்டாம். அவை வீட்டுக்கு வீடு வேறு. நீங்கள் சொன்னால்தான் தெரியும். ‘இதற்கும் கள்ள உறவுக்கும் என்ன வித்தியாசம்?’ என்ற பாடத்தை மட்டும் உங்கள் காசில் நடத்தாதீர்கள்.

கணவரோடு சேர்ந்து போவதாக இருந்தால் இன்னொன்றையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தம்பதிகளைப் பார்க்கும் தெரபிஸ்டுகளில் பலர், ஒருவர் தனியாகச் சொன்னதை மற்றவரிடம் மறைத்து வைக்க மாட்டேன் என்று விதி வைத்திருப்பார்கள். உங்கள் இன்னொரு துணையும் ஒரு நாள் வந்து உட்கார நேர்ந்தால் அந்த விதி யாரைச் சேர்த்தது, யாரை விட்டது என்று முதலிலேயே தெளிவாகிவிட வேண்டும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், தனியாகப் போய் அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். கணவரின் மௌனத்தை எந்தத் தெரபிஸ்டிடமும் கொண்டுபோவதற்கு முன் அவரிடமே கேளுங்கள், வெளியே கிளம்பும் நாளில் அல்ல, ஏதாவது ஒரு சாதாரண நாளில். அவர் என்ன சொன்னார் என்று முடிந்தால் எழுதுங்கள். வெளியிட மாட்டேன்.