புயலுக்குள் காற்று எப்படி ஓடுகிறது? கேள்வி பதில்

கே (கடலூர்): காற்று நடுவை நோக்கித்தானே பாய்கிறது, ஏன் சுற்றுகிறது ஐயா?

ப: நடுவில் அழுத்தம் குறைவு, அதனால் காற்று உள்ளே பாய்கிறது. பூமி சுழல்வதால், நம் வட அரைக்கோளத்தில் ஓடும் காற்று வலப்பக்கம் விலகும். இரண்டும் சேர்ந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றவைக்கின்றன. கடலை உரசி வேகம் குறையும் அடிக்காற்று மட்டும் சுருள் சுருளாக உள்ளே நுழையும். புயலின் நடுவே காற்று அடங்கியிருக்கும் வட்டம்தான் கண்; அதைச் சுற்றிய மேகச்சுவரில் இந்தக் காற்று மேலேறும். ஈரம் மழையாகும்போது வெளிவரும் வெப்பம் அதை இன்னும் தூக்கும். உச்சியில் வெளியே விரிந்து, தொலைவில் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும்.

கே (திருச்சி): வாஷ்பேசின் தண்ணீரும் இதனால்தான் சுழல்கிறதா?

ப: இல்லை. அவ்வளவு சிறிய இடத்தில் பூமிச் சுழற்சி தெரியாது.

கே (சென்னை): 2016 டிசம்பர் 12, வர்தா. காற்று திடீரென அடங்கியது, புயல் முடிந்தது என்று தெருவுக்கு வந்தோம். சரிதானே?

ப: தவறு, பெருந்தவறு! அது கண். மறுபக்கச் சுவர் எதிர்த்திசைக் காற்றோடு வரும். வடக்குக் காற்றைத் தாங்கிச் சாய்ந்த மரம் தெற்குக் காற்றில்தான் விழும். கண்ணில் வெளியே வராதீர்கள்.

கே (மதுரை): அழுத்தம் மிகக் குறைவாக இருப்பது கண்ணில். காற்று அங்கேதானே மேலேற வேண்டும்?

ப: நல்ல கேள்வி. உள்ளே வரவர வட்டம் சுருங்கி, கைகளை மடக்கிக்கொண்டு சுழல்பவரைப் போல் காற்று வேகம் எடுக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சுழற்சியே அதை உள்ளே விடாது. அங்கேயே சுவராக மேலேறுகிறது. கண்ணுக்குள் காற்று மெல்லக் கீழிறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகும், மேகம் கரையும். கண்ணில் நீலவானம் தெரிவது அதனால்தான்.

கே (மதுரை): இறங்கும் காற்று அழுத்தத்தைக் கூட்டாதா? ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ப: அழுத்தம் என்பது தலைக்கு மேலுள்ள காற்றின் எடை. சூடான காற்று லேசானது. வலுத்த புயல்களில் விமானத்திலிருந்து போட்ட கருவிகள், உயரத்தில் கண்ணின் வெப்பம் சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரிக்கும் மேல் கூடியிருப்பதை அளந்திருக்கின்றன. காற்று மேலேறினால் அங்கே மேகமும் மழையும் அல்லவா இருக்க வேண்டும்?

கே (சேலம்): ஏன் சுற்றுகிறது?

ப: கடலூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே (தாம்பரம்): அடுத்த புயல் எப்போது?

ப: வானிலை ஆய்வு மைய அறிக்கையைப் பாருங்கள்.

கே (வேலூர்): கண்ணில் அமைதி என்றால் வண்டியை எடுத்து வந்துவிடலாமா?

ப: கூடாது. சென்னைக்குச் சொன்னதேதான். எத்தனை முறை கேட்டாலும் இதே பதில்.

கே (நாகை): கடலில் சிக்னல் இல்லை. புயல் எந்தப் பக்கம் என்று காற்றை வைத்துச் சொல்ல முடியுமா அண்ணே?

ப: முடியும் தம்பி. காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். இடக்கைப் பக்கம், சற்று முன்னால் புயலின் நடு இருக்கும். கரைக்கு வந்த பிறகும் பாருங்கள்: கிழக்கிலிருந்து புயல் வரும்போது வாடை (வடக்குக் காற்று) திசை மாறாமல் வலுத்துக்கொண்டே போனால், நடு நேராக உங்களை நோக்கி வருகிறது. வாடை கொண்டலாக (கிழக்குக் காற்றாக) திரும்பினால் நடு உங்களுக்குத் தெற்கே கடக்கிறது. காற்று கடலைக் கரைமேல் தள்ளும், அலை ஊருக்குள் ஏறும் பக்கம் அப்போது நீங்கள் இருக்கும் வடபக்கம்தான். படகைப் பார்க்கப் போகாமல் குடும்பத்தோடு மேட்டுக்குப் போய்விடுங்கள்.