வட அமெரிக்கக் காடுகளில் தோல் வணிகம் செய்து நாடு கண்டவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

இப்படிக் கேட்டதுமே துப்பாக்கி, கரடி, பனிப்புயல் எல்லாம் கண்முன் வந்துவிடும். அவையும் உண்டுதான். ஆனால் அந்த வணிகர்களின் குறிப்பேடுகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இருப்பது திசை, தூரம், மூட்டை எண்ணிக்கை, சாப்பாட்டு இருப்பு, ஆறு உறைந்த தேதி. புதிய கணவாய், புதிய ஆறு என்பதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சரக்குக் கணக்கின் துணைவிளைவு. பொதுவாகப் பேசாமல் டேவிட் தாம்சன் என்ற ஒருவரை வைத்தே சொல்கிறேன்.

1770ல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 14 வயதில் ஹட்சன் பே என்ற தோல் வணிகக் கம்பெனியில் பயிற்சி எழுத்தராகச் சேர்ந்து கனடாவின் சர்ச்சிலில் வந்து இறங்கினார். 1788ல் கால் முறிந்து படுத்த படுக்கையானார். அடுத்த குளிர்காலத்தில் ஃபிலிப் டர்னர் என்ற நில அளவையாளரிடம் வானத்தைப் பார்த்து இடம் குறிக்கும் வித்தையைக் கற்றார். 1797ல் போட்டிக் கம்பெனியான நார்த் வெஸ்டுக்கு மாறினார். அங்கேதான் ராக்கி மலைக்கு மேற்கே போகும் வேலை கிடைத்தது.

வணிகத்தின் கழுத்தைப் பிடித்திருந்தது பனி. மே மாதம் பனி உடைந்ததும் மான்ட்ரியலிலிருந்து சரக்குத் தோணிகள் கிளம்பும். சுப்பீரியர் ஏரிக்கரையிலிருந்த கிராண்ட் போர்ட்டேஜுக்கு (1803க்குப் பிறகு ஃபோர்ட் வில்லியம்) ஜூலை வாக்கில் வந்து சேரும். மேற்கிலிருந்து தோல் ஏற்றிய தோணிகளும் அப்போதுதான் வரும். சரக்கைக் கைமாற்றிவிட்டு, அக்டோபரில் ஆறுகள் உறைவதற்குள் அவரவர் கோட்டைக்கு, அதாவது வணிக முகாமுக்கு, திரும்பியாக வேண்டும். வழியில் இரண்டு வாரம் தாமதமானால் தோணி பனியில் சிக்கும், கோட்டைக்கு அந்த வருடச் சரக்கு கிடையாது.

தோணியில் இரண்டு வகை. ஏரிகளுக்கு 11 மீட்டர் நீளத்தில், மூன்று டன் வரை தாங்கும் பெரியது. உள்நாட்டு ஆறுகளுக்கு 8 மீட்டர் அளவில், அதில் பாதி தாங்கும் சிறியது. பிர்ச் மரப்பட்டையை விரித்து வளைத்து, ஸ்ப்ரூஸ் மரத்தின் வேரால் தைத்து, உள்ளே சீடர் மரச் சட்டங்களைச் செருகுவார்கள். தையல்களில் ஸ்ப்ரூஸ் பிசினைக் கொழுப்போடு காய்ச்சிப் பூசுவார்கள். கொழுப்பு குறைந்தால் குளிரில் பிசின் வெடிக்கும், கூடினால் வெயிலில் வழியும். அதனால் ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் பிசின் பூசும் வேலை இருக்கும். சரக்கோடு தோணியைக் கரையில் ஏற்றவே கூடாது, பட்டை கிழிந்துவிடும். ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றுதான் மூட்டைகளை இறக்குவார்கள். மே மாதத் தண்ணீர் எப்படிச் சில்லிடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூட்டை எதுவானாலும் எடை 90 ராத்தல், அதாவது 41 கிலோ. அருவி, பாறை வந்தால் எல்லாவற்றையும் முதுகில் சுமந்து தாண்ட வேண்டும். நெற்றியில் ஒரு தோல்பட்டை, அதில் தொங்கி முதுகில் படியும் ஒரு மூட்டை, அதன் மேல் இன்னொன்று. ஒரு நடைக்கு ஒருவருக்கு 82 கிலோ. கிராண்ட் போர்ட்டேஜில் இந்தச் சுமை நடை மட்டும் 14 கிலோமீட்டர். குடல் இறக்கமும் நீரில் மூழ்கிச் சாவதும் இந்தத் தொழிலில் சர்வசாதாரணம்.

சாப்பாட்டை விட்டுவிட்டு இவர்கள் போன தூரத்தைப் புரிந்துகொள்ள முடியாது. கோட்டையில் பச்சை இறைச்சி மட்டுமே உணவானால் ஆளுக்கு நாளைக்கு 8 ராத்தல் வேண்டும். வேட்டையாடிக்கொண்டே போனால் பயணம் நகராது. இதற்குத் தீர்வு பழங்குடிகளிடமிருந்து வந்த பெமிக்கன். காட்டெருமை இறைச்சியை மெல்லிய பாளங்களாக வெயிலிலோ நெருப்பின் மேலோ சருகாகக் காயவைத்து, பொடியாக இடித்து, ஏறக்குறைய சம எடைக்கு உருக்கிய கொழுப்பு ஊற்றிக் கிளறி, எருமைத்தோல் பையில் அடைத்து, ஆறுவதற்குள் தட்டையாக மிதித்துவிடுவார்கள். நம் ஊர் உப்புக்கண்டம் மாதிரி என்று நினைக்க வேண்டாம். இதில் உப்பே கிடையாது. ஈரம் போனதும், கொழுப்பு காற்றை அடைத்ததும்தான் காப்பு. இறைச்சி அரைகுறையாகக் காய்ந்திருந்தாலோ, சேர்த்த பழங்களில் ஈரம் இருந்தாலோ உள்ளே பூசணம் பிடித்து முழுப் பையும் போய்விடும். ஒழுங்காகச் செய்தது வருடக்கணக்கில் நிற்கும். நாளைக்கு ஒன்றரை ராத்தல் போதும்.

இத்தனை பாடும் பீவர் என்ற அணைகட்டும் கொறிணியின் தோலுக்காக. ஐரோப்பாவில் தொப்பி செய்ய அதன் அடிமயிர்தான் வேண்டும். நுண்ணிய கொக்கிகள் கொண்ட அந்த மயிர் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியான ஃபெல்ட் துணியாகும். மேலே இருக்கும் முரட்டு மயிர் பயன்படாது. அதனால் ஆரம்பத்தில் புதுத்தோலைவிட, பழங்குடியினர் ஓரிரு வருடம் மயிர்ப்பக்கம் உள்ளே இருக்கும்படி போர்த்திய பழைய தோலுக்குத்தான் மதிப்பு அதிகம். முரட்டு மயிர் தேய்ந்து உதிர்ந்திருக்கும். கோடைத் தோலில் அடிமயிர் அடர்த்தி குறைவு, விலையும் குறைவு. உரித்த தோலைக் கொழுப்புச் சுரண்டி, வளைத்த குச்சியில் வட்டமாகத் தைத்து நிழலில் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டு நெருப்பருகே வைத்தால் தோல் வெந்து மொடமொடத்துவிடும். 90 ராத்தல் கட்டுக்கு ஏறத்தாழ 60 தோல். வழியில் நனைந்தால் கட்டைப் பிரித்து உலர்த்தியே ஆக வேண்டும்.

1790களின் கடைசியில் இரும்புப் பொறியும் பீவரின் வாசனைச் சுரப்பியும் சேர்ந்து வந்தன. நாலு விரல்கடைத் தண்ணீரில் பொறியை வைத்து, சுரப்பி நீர் தடவிய குச்சியை அதன் மேல் நட்டு, சங்கிலியை ஆழத்தில் முளையடித்து விடுவார்கள். சிக்கிய பீவர் ஆழத்துக்கு ஓடி மூழ்கும். கரைப்பக்கம் முளையடித்தால் காலைக் கடித்துத் துண்டித்துக்கொண்டு தப்பிவிடும். இந்த முறையில் ஆறு ஆறாகப் பீவர் காலியானதைத் தாம்சனே எழுதியிருக்கிறார். மேற்கே மேற்கே போக வேண்டி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி அவருடைய தனித்திறமை. நிலத்தின் நடுவில் கடலடிவானம் கிடையாது. அதனால் ஒரு தட்டில் பாதரசம் ஊற்றி, காற்றில் அலையாமல் கண்ணாடிக் கூரை போட்டு, சூரியனையும் அதன் பிம்பத்தையும் செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியில் ஒன்று சேர்ப்பார். வரும் கோணத்தைப் பாதியாக்கினால் சூரியனின் உயரம், அதிலிருந்து அட்சரேகை. சிக்கல் என்னவென்றால் செக்ஸ்டன்ட் பொதுவாக 120 பாகையளவே அளக்கும். 49வது அட்சரேகையில் ஜூன் நண்பகல் சூரியன் 64 பாகை ஏறிவிடும், இரட்டிப்பு 128. அப்போது நண்பகலை விட்டுவிட்டு முன்னும் பின்னும் அளந்து கணக்குப் போட வேண்டும். குளிர்காலத்தில் வேறு தொல்லை: மைனஸ் 39க்குக் கீழே பாதரசமே உறைந்துவிடும்.

தீர்க்கரேகை இன்னும் கொடுமை. நிலவுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் இடையிலான கோணத்தை அளந்து, பஞ்சாங்க அட்டவணையோடு ஒப்பிட்டு கிரீனிச் நேரம் காண வேண்டும்; அதற்கும் உள்ளூர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தீர்க்கரேகையைத் தரும். நிலவு மணிக்கு அரைப் பாகைதான் நகர்கிறது. அளவில் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிசகினால் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 30 கலை தப்பு, அந்தப் பகுதியில் அது 35 கிலோமீட்டருக்கு மேல். ஒரே இரவில் பலமுறை அளந்து சராசரி எடுப்பது அதனால்தான். பகலெல்லாம் தோணியில் வந்த மனிதர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மடக்கை அட்டவணையோடு உட்கார்ந்தார். ஒரு கண்ணில் பார்வை வேறு போயிருந்தது.

மலையைத் தாண்டியதும் அரசியல் குறுக்கே வந்தது. தாம்சன் 1807ல் ஹவுஸ் கணவாய் வழியே போய் குட்டனை என்ற பழங்குடி மக்களோடு வணிகம் தொடங்கினார். அவர்களுக்குத் துப்பாக்கி கிடைப்பதை எதிரிகளான பீகன் பழங்குடியினர் விரும்பவில்லை. 1810ல் வழியை மறித்தார்கள். வடக்கே சுற்றி, 1811 ஜனவரியில் அதபாஸ்கா கணவாயை நாய்ச் சறுக்குவண்டிகளோடு கடந்தார். ஆட்கள் சிலர் கைவிட்டுப் போனார்கள். கொலம்பியா ஆற்றங்கரையில் தோணிக்கேற்ற பிர்ச் பட்டை இல்லை, ஆணியும் இல்லை. சீடர் மரத்தைப் பலகையாகப் பிளந்து வேரால் தைத்துப் படகு கட்டினார்கள். ஜூலை 15 அன்று பசிபிக் முகத்துவாரம் சேர்ந்தபோது ஆஸ்டர் என்ற வணிகரின் அமெரிக்கக் கம்பெனி அங்கே கோட்டை கட்டியிருந்தது. தாம்சன் சோம்பி நின்றதால் பசிபிக்கை முதலில் எட்டும் பந்தயத்தில் தோற்றார் என்று எழுதுபவர்கள் உண்டு. பட்டை கிடைக்காத ஆற்றங்கரையில் உட்கார்ந்து அதைச் சொல்ல மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

1799ல் அவர் மணந்த ஷார்லட் ஸ்மால், கிரீ தாய்க்கும் வணிகத் தந்தைக்கும் பிறந்தவர். காட்டு மனைவியைக் காட்டிலேயே விட்டுவிட்டு ஓய்வுபெற்ற வணிகர்கள் ஏராளம். தாம்சன் 1812ல் குடும்பத்தோடு கிழக்கே வந்து முறைப்படி மறுபடி மணம் செய்தார். 13 பிள்ளைகள். சாராயம் விற்பதும் அவருக்குப் பிடிக்காது. கம்பெனி இரண்டு பீப்பாய்களைத் தலையில் கட்டியபோது, முரட்டுக் குதிரை ஒன்றின் மேல் ஏற்றிவிட்டார். அது நண்பகலுக்குள் பாறையில் மோதி உடைத்துத் தீர்த்தது.

1814ல் முடித்த வரைபடம், ஹட்சன் விரிகுடாவிலிருந்து பசிபிக் வரை, ஃபோர்ட் வில்லியமின் பெரிய கூடத்தில் மாட்டப்பட்டது. வரைந்தவர் கடைசிக் காலத்தில் கருவிகளையே விற்று, 1857ல் வறுமையில் இறந்தார். 1880களில் அதே பகுதியை அளக்கப்போன ஜோசப் டிரெல் என்ற நிலவியலாளர், கையிலிருந்த பழைய வரைபடம் இவ்வளவு சரியாக இருக்கிறதே, யார் வரைந்தது என்று தேடத் தொடங்கி, தாம்சனின் குறிப்பேடுகளைக் கண்டுபிடித்தார். தாம்சனின் பயண வரலாறு அச்சானது 1916ல்.