வாசகர் கேள்வி – பதில்: சும்மா இருந்தே சிரிக்க வைத்தவர்

கேள்வி: அமெரிக்க ரேடியோவின் பழைய நகைச்சுவை நிகழ்ச்சிகளைக் கேட்டு வருகிறேன். ஜாக் பென்னியை ஆகா ஓகோ என்கிறார்கள். எனக்கென்னவோ மற்றவர்கள்தாம் ஜோக் அடிக்கிறார்கள், அவர் சும்மா இருக்கிறார் என்று படுகிறது. அவருடைய திறமைதான் என்ன?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் குறையாகச் சொல்வதுதான் அவருடைய திறமை. 1932 மே 2 அன்று தொடங்கி 1955 வரை ரேடியோவில் நீடித்த அந்த நிகழ்ச்சியில், நல்ல ஜோக்குகளை அறிவிப்பாளருக்கும் பாடகருக்கும், வேலைக்காரர் ராச்செஸ்டராக நடித்த எடி ஆண்டர்சனுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு, அவர்களுடைய கிண்டலுக்கு ஆளாகிறவராகத் தம்மை வைத்துக்கொண்டார் பென்னி. கஞ்சன், வயலினைப் போட்டு அறுப்பவர், எத்தனை பிறந்த நாள் வந்தாலும் 39 வயதைத் தாண்ட மறுப்பவர் என்று அவர் வாரா வாரம் கட்டியெழுப்பிய பாத்திரம் அது.

1948 மார்ச் 28 ஒலிபரப்பைத் தேடிக் கேளுங்கள். பக்கத்து வீட்டு நடிகர் ரொனால்ட் கோல்மனிடம் இரவல் வாங்கிய ஆஸ்கார் சிலையோடு இரவில் நடந்துவரும் பென்னியை ஒரு திருடன் மறித்து, "பணமா, உயிரா?" என்று கேட்கிறான். பதில் வரவில்லை. அரங்கில் சிரிப்பு கிளம்பிப் பரவுகிறது. பொறுமையிழந்த திருடன் மறுபடி அதட்டியதும், "யோசித்துக்கொண்டுதானே இருக்கிறேன்!" என்று பென்னி எரிந்து விழுகிறார். அந்த வசனத்துக்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டதைக் கவனியுங்கள். பதினாறு ஆண்டுகளாக அவருடைய கஞ்சத்தனத்தைக் கேட்டுப் பழகியிருந்தவர்களுக்கு, அந்த மனிதர் மனத்துக்குள் போட்டுக்கொண்டிருந்த கணக்கு காதில் விழாமலே புரிந்துவிட்டது. (நிஜத்தில் அவர் கை தாராளம், சிம்பொனி இசைக்குழுக்களுக்கு நிதி திரட்டுவதற்காகவே வயலினோடு மேடையேறியவர்.) ஆகையால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் பென்னி பிடிபட மாட்டார், பத்துப் பதினைந்து வாரங்களை வரிசையாகக் கேட்டுவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: உதடு அசையாமல் பொம்மையைப் பேசவைக்கும் வித்தையை ரேடியோவில் நடத்தினார்களாமே? பார்க்கவே முடியாதபோது அதில் என்ன வித்தை?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: எட்கர் பெர்கனைக் கேட்கிறீர்கள். சார்லி மெக்கார்த்தி என்ற பொம்மையோடு 1937 முதல் அவர் நடத்திய நிகழ்ச்சி அமெரிக்காவின் முன்வரிசை நிகழ்ச்சிகளுள் ஒன்று. உண்மையில் அவருடைய உதடு அசையத்தான் செய்தது. அதைச் சார்லியே கேலி செய்வதும் உண்டு. வித்தை பாத்திரத்தில் இருந்தது. ஒற்றைக் கண்ணாடியும் உயரத் தொப்பியும் அணிந்த அந்த வாய்த்துடுக்குப் பையன், மனித நடிகர் சொன்னால் பொல்லாப்பாகிவிடக்கூடியதையெல்லாம் பெரிய மனிதர்களின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். மரக்கட்டைமேல் யார் கோபித்துக்கொள்வது?

கேள்வி: அந்த நிகழ்ச்சிகளில் கேட்கும் சிரிப்பு நிஜமா, பின்னால் சேர்த்ததா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பெரும்பாலும் நிஜம். ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர் நிலையங்கள் வழியாக ஒலிபரப்பிய பெரிய ரேடியோ வலையமைப்புகள், முன்பே பதிவு செய்ததை ஒலிபரப்புவதில்லை என்ற கொள்கையைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்ததால், பார்வையாளர்கள் முன்னிலையில் நேரடியாகவே நடித்தார்கள். அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைப் பகுதிக்கு நேர வேறுபாடு இருந்ததால், சில மணி நேரம் கழித்து அதே நிகழ்ச்சியை இரண்டாம் முறை நடித்துக் காட்டியவர்களும் பலர். இந்த அலுப்பு பிடிக்காத பாடகர் பிங் கிராஸ்பி, 1946-ல் முன்கூட்டியே ஒலித்தட்டில் பதிந்து ஒலிபரப்பும் ஏற்பாட்டோடு வேறு வலையமைப்புக்கு மாறினார். மறு ஆண்டு ஒலியைப் பதியும் காந்த நாடா (டேப்) வந்தது. நாடாவை வெட்டி ஒட்டலாம் என்றானபின், ஒரு நாள் கிடைத்த நல்ல சிரிப்பை மற்றொரு நாளின் சோப்பளாங்கி ஜோக்குக்குக் கடன் கொடுக்கவும் வழி பிறந்தது.

கேள்வி: உங்களுக்கு மிகவும் பிடித்த ஒலி எது?
– அதே வாசகர்

பதில்: ஃபிப்பர் மெக்கீ என்ற ரேடியோ நகைச்சுவைப் பாத்திரத்தின் அலமாரி. 1940 முதல், அவர் எதையோ தேடி அதைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே திணித்த தட்டுமுட்டுச் சாமான் அத்தனையும் தடதடவெனச் சரியும். ஒலியமைப்பாளர் நிஜப் பொருள்களையே அடுக்கி வைத்துத் தள்ளிவிடுவார். எல்லாம் விழுந்து ஓய்ந்தபின் கடைசியாக ஒரு சின்ன மணி "கிணிங்" என்று ஒலிக்கும்.