அம்மூலியானித் தீவும் அதோஸ் மலையும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். போன ஆகஸ்டில் கணவரும் நானும் பன்னிரண்டு வயது மகளும் கிரேக்கத்தில் அம்மூலியானி என்கிற சின்னத் தீவில் விடுமுறைக்குத் தங்கினோம். எதிரே அதோஸ் மலை, ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத் துறவிகள் வாழும் தீபகற்பம். அங்கிருக்கும் மடங்களுக்குப் பெண்கள் போக முடியாது என்பது முன்பே தெரியும். கணவர் அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போய்விட்டு வந்தார். வந்த பிறகு அதைப் பற்றியேதான் பேச்சு. நானும் மகளும் சுற்றுலாப் படகில் போய்த் தூரத்திலிருந்து சுவர்களைப் பார்த்தோம், ஒலிபெருக்கியில் ஒவ்வொரு மடத்தின் பெயராகச் சொல்லிக்கொண்டே போனார்கள். "மாதாவோட தோட்டம்னு சொல்றாங்க, அப்ப பொண்ணுங்க ஏம்மா போகக் கூடாது?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மற்ற நாட்களில் கடலில் குளித்தோம், மீன் சாப்பிட்டோம், அவ்வளவுதான். அடுத்த கோடைக்கும் அங்கேயே போகலாம் என்கிறார் கணவர். எனக்கு அங்கே என்ன இருக்கிறது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

மகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் காரணம் இதுதான்: மாதா கடல் வழியாகப் போகும்போது புயலில் கப்பல் அங்கே ஒதுங்கியது, அந்த மலையின் அழகைப் பார்த்து மகனிடம் அதைக் கேட்டு வாங்கினாள், ஆகவே அது அவள் ஒருத்திக்கே உரிய தோட்டம், வேறு பெண்ணுக்கு அங்கே இடமில்லை. உங்கள் மகளுக்கு இது திருப்தி தராது. எனக்கும் தரவில்லை. துறவிகள் தங்கள் மடத்தின் முற்றத்துக்குள் யார் வரலாம் என்று தீர்மானித்துக்கொள்வதை நான் எதிர்க்க மாட்டேன், அது அவர்கள் வாழ்முறை. ஆனால் அங்கே தடை இருபது மடங்களின் வாசலோடு நிற்கவில்லை, சுமார் 335 சதுர கிலோமீட்டர் மலைக்கும் காட்டுக்கும் கரைக்கும் சேர்த்துத் தடை. போதாததற்கு, மீறி நுழையும் பெண்ணுக்கு இரண்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை என்று 1953-ல் கிரேக்க அரசே சட்டம் போட்டது. ஒரு சமூகத்தின் நோன்பை நாட்டின் குற்றவியல் சட்டமாக மாற்றியது சரியில்லை என்பதே என் கருத்து. 2003-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் தடையை நீக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது, ஒன்றும் நடக்கவில்லை. அதோஸின் தனி அந்தஸ்து கிரேக்க அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது, சீக்கிரத்தில் எதுவும் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. மகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இது புரியும்.

இனி உங்கள் கேள்வி. நானும் அந்தத் தீவில் தங்கியிருக்கிறேன். அதனால் அழுத்தமாகவே சொல்கிறேன், அம்மூலியானி அதோஸின் காத்திருப்பு அறை இல்லை. நீங்கள் குளித்த கடற்கரை, மீன் சாப்பிட்ட துறைமுகம், வழியில் பார்த்த ஆலிவ் தோப்புகள் எல்லாமே ஒரு காலத்தில் மடத்துச் சொத்து. அதோஸின் இருபது மடங்களில் ஒன்றான வாட்டோபெடி மடத்தின் நிலம் அந்தத் தீவு. 1923-ல் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் ஒப்பந்தம் போட்டு மக்களை மாற்றிக்கொண்டன. மொழியைப் பார்க்கவில்லை, மதத்தை மட்டும் பார்த்துப் பிரித்தார்கள். சுமார் 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் துருக்கியில் இருந்த சொந்த ஊர்களை விட்டுக் கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள், அதில் பெரும்பகுதி ஒப்பந்தத்துக்கு முந்தைய போரிலேயே உயிர் பிழைத்தால் போதும் என்று ஓடி வந்தவர்கள். அப்போது கிரேக்கத்தின் மொத்த மக்கள்தொகையே ஐம்பது லட்சம்தான். இத்தனை பேரை எங்கே வைப்பது? அதோஸ் மடங்களுக்கு மலைக்கு வெளியே சொந்தமாக இருந்த நிலங்களை அரசு எடுத்து அகதிகளுக்குக் கொடுத்தது. அப்படித் துருக்கியின் மர்மரா கடல் தீவுகளிலிருந்து வந்த மீனவக் குடும்பங்களுக்குக் கிடைத்ததுதான் அம்மூலியானி. உங்களுக்கு வறுத்த மீன் கொண்டுவந்து வைத்தவரின் தாத்தாவோ பாட்டியோ அப்படி வந்தவராகவே இருக்கும்.

யோசித்துப் பாருங்கள், பெண்கள் கால்வைக்க முடியாத ஒரு மடத்தின் நிலத்தில் பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்து இறங்கி அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். உங்கள் கணவர் பார்த்த மடங்களின் வரலாற்றில் இதுவும் ஒரு பகுதி, உள்ளே போய்ப் பார்க்க முடியாத பகுதி.

அப்புறம் எதிர்க்கரையில் உரனூபொலி. படகு ஏறிய ஊர் என்பதால் அங்கே கடலோரத்தில் நிற்கும் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள், பார்க்காமல் அந்த ஊரைக் கடக்கவே முடியாது. பதினான்காம் நூற்றாண்டுக் கட்டடம், அதுவும் வாட்டோபெடியின் சொத்தாக இருந்ததுதான். அந்த ஊரும் அகதிகள் ஊர். 1920களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜாய்ஸ் லாக் என்ற பெண்மணி, கணவர் சிட்னி லாக்கோடு அகதிகள் நிவாரணப் பணிக்காக வந்து அந்தக் கோபுரத்தில் குடியேறினார். மலேரியாவும் பசியும் இருந்த ஊர். ஊர்க்காரர்களுக்கு மருந்து கொடுப்பதோடு நிற்காமல், துருக்கியின் அனடோலியாப் பகுதியிலிருந்து வந்த பெண்களுக்குக் கம்பளம் நெய்யும் கைத்தொழில் தெரிந்திருந்ததைப் பார்த்து அதையே அவர்களுக்கு வருமானமாக்க முயன்றார். கம்பளத்துக்கு என்ன டிசைன் போடுவது? சிட்னி அதோஸுக்குள் போய்வர முடிந்தவர், மடங்களில் இருந்த பைசாந்திய அலங்காரங்களை வரைந்துகொண்டு வந்தார். ஜாய்ஸ் உள்ளே போக முடியாதவர், அவற்றைக் கம்பளத்துக்கு ஏற்றபடி வடிவமைத்தார். ஊர்ப் பெண்கள் செடிகொடிகளிலிருந்து எடுத்த சாயத்தில் நனைத்த கம்பளி நூலைக் கொண்டு முடிச்சு முடிச்சாக அதை நெய்தார்கள். மடத்துச் சுவருக்குள் இருந்த ஓவியம் இப்படி அந்தச் சுவருக்குள் போகவே முடியாத பெண்களின் விரல்களுக்கு வந்து, அவர்களுக்குச் சோறும் போட்டிருக்கிறது. ஜாய்ஸ் 1982-ல் அந்த ஊரிலேயே இறந்தார். கோபுரத்தை இப்போது பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் மகளை அழைத்துக்கொண்டு போக வேண்டிய முதல் இடம் அதுதான் என்பேன்.

படகுப் பயணத்தையும் இவ்வளவு குறைவாக நினைக்க வேண்டாம். பெண்கள் ஏறிய படகு கரைக்கு ஐந்நூறு மீட்டருக்குள் போகக் கூடாது என்பது விதி, அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த மடங்கள் கடலைப் பார்த்துக் கட்டப்பட்டவை. கடற்கொள்ளையர்களுக்குப் பயந்து கட்டியவை, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டலோனியக் கூலிப்படை வந்து சூறையாடியதும் உண்டு. அதனால்தான் கீழே ஜன்னலே இல்லாத மொட்டைச் சுவர், மேலே ஏறஏற மரத்தில் முட்டுக்கொடுத்துத் தொங்கும் மாடங்கள். உள்ளே நிற்பவருக்கு இது முழுதாகத் தெரியாது. சிமோனோபெட்ரா மடத்தைக் கடலிலிருந்து பார்க்கும்போதுதான் பாறை எங்கே முடிகிறது, கட்டடம் எங்கே தொடங்குகிறது என்பதே சட்டென்று பிடிபடாது. அதற்கு முன்னால் வரும் பான்டெலெய்மோன் ரஷ்ய மடம், பச்சைக் குவிமாடங்களோடு ஒரு சிறு நகரம் அளவுக்குப் பரந்திருக்கும். அடுத்த முறை போகும்போது படகின் இடதுபக்கம் உட்காருங்கள், கரை அந்தப் பக்கம்தான் வரும். கடைசியில் 2033 மீட்டர் உயர மலை நேராகக் கடலில் இறங்கும். அந்த முனையில்தான் கி.மு. 492-ல் தளபதி மார்டோனியஸின் பாரசீகக் கப்பற்படை புயலில் சிக்கி நொறுங்கியது, முந்நூறு கப்பல்கள் என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். ஒன்று மட்டும், உங்கள் தீவின் பழைய சொந்தக்காரரான வாட்டோபெடி இந்தப் படகிலிருந்து தெரியாது. அது தீபகற்பத்தின் மறுபக்கம், வடகிழக்குக் கரையில் இருக்கிறது.

அந்தக் கப்பற்படை நாசத்தின் மிச்சத்தை நீங்கள் தெரியாமலே கடந்திருக்கிறீர்கள். அம்மூலியானிக்கு ஃபெர்ரி பிடிக்க ட்ரிப்பிட்டித் துறைக்கு வந்தீர்கள் இல்லையா, அங்கிருந்து மறுபக்கம் நெயா ரோடா வரை நிலம் இரண்டு கிலோமீட்டர்தான். மறுபடி கப்பல்களை அந்த முனையில் பலிகொடுக்கக் கூடாதென்று பாரசீக மன்னன் செர்க்செஸ் அந்த நிலத்தையே வெட்டிக் கால்வாய் போட்டான், கி.மு. 480-ல் கப்பற்படை அதன் வழியாகப் போனது. ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். கால்வாய் தோண்டிய மற்ற இனத்தார் எல்லாம் மேலேயும் கீழேயும் ஒரே அகலத்தில் செங்குத்தாக வெட்ட, கரை சரிந்து சரிந்து விழுந்து இரட்டை வேலையானது. ஃபினீசியர்கள் மட்டும் மேலே இரண்டு மடங்கு அகலமாக ஆரம்பித்து, ஆழம் போகப்போகக் குறுக்கிக்கொண்டே போனார்கள், அவர்கள் பங்கு சரியவில்லை. கடற்கரையில் ஈர மணலைக் குழிபறித்த எந்தக் குழந்தைக்கும் இது உடனே புரியும். இப்போது மண் மூடிக் கிடக்கிறது, தாழ்வான ஒரு பள்ளம் மட்டும் தெரியும். நிலத்துக்கு அடியில் கால்வாய் இருப்பதைப் புவியியல் ஆய்வாளர்கள் கருவிகள் வைத்து உறுதி செய்திருக்கிறார்கள். காரை நிறுத்தி இறங்கி நடந்து பாருங்கள், சாயங்காலமாகப் போனால் நல்லது.

தேதி விஷயத்தில் ஒரு யோசனை. ஆகஸ்ட் 15 மாதாவின் திருநாள், தீவில் அன்றைக்குக் கோலாகலமாக இருக்கும், அறை கிடைப்பதும் கஷ்டம். அதோஸில் இன்னும் ஜூலியன் நாட்காட்டிதான், பதின்மூன்று நாள் பின்னால் ஓடுகிறது, அங்கே அதே திருநாள் நமக்கு ஆகஸ்ட் 28. மாதக் கடைசியில் போனால் கணவர் அங்கே திருவிழாவில் இருக்கும்போது உங்களுக்குத் தீவும் கடற்கரையும் கொஞ்சம் காலியாகக் கிடைக்கும். ஆனால் ஆர்த்தடாக்ஸ் அல்லாதவர்களுக்கு நாளைக்குப் பத்துப் பேருக்குத்தான் அனுமதி, அவரை முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அவர் போயிருக்கும் நாட்களில் நீங்களும் மகளும் ட்ரேனியா தீவுகளுக்குப் போய் வாருங்கள். அம்மூலியானிக்குப் பக்கத்திலேயே இருக்கிற குட்டித் தீவுகள், தண்ணீர் ஆழமில்லாமல் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். சின்ன மோட்டார் படகு வாடகைக்குக் கிடைக்கிறது, முப்பது குதிரைத்திறன் வரை லைசென்ஸ் தேவையில்லை, ஓட்டுவது எப்படி என்று படகுக்காரரே கற்றுக்கொடுப்பார். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் காற்று எழும்பிவிட்டால் திரும்பி வருவது சிரமம். குடிநீரும் தொப்பியும் மறக்க வேண்டாம்.

அன்புடன்