கண்மாயில் விராலுக்கு எந்த லூர்?

வணக்கம். தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்பவர்களின் வீடியோக்களைப் பார்த்து ராடு, ரீல், லூர் என்கிற செயற்கை இரை எல்லாம் வாங்கினேன். மழை முடிந்த சமயத்தில் எங்கள் கண்மாயில் தவளை லூருக்கு விரால் நன்றாக அடித்தது. இப்போது பங்குனி வெயில். அதே இடம், அதே லூர், ஒன்றும் அசையவில்லை. வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போ என்கிறார்கள், அதுவும் பலிக்கவில்லை. எப்போது எந்த லூரைப் போடுவது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வீடியோவில் சொல்வது பாஸுக்குச் சரி. அது செவுளால் மூச்சு விடும் மீன். தண்ணீர் சூடானால் அதில் கரைந்த ஆக்ஸிஜன் குறையும், மீன் நிழலையோ ஆழத்தையோ தேடும். அதனால் அங்கே வெப்பநிலையைப் பார்த்து லூரை மாற்றுகிறார்கள். விரால் அப்படியல்ல, மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடும். கோடையில் வற்றிய கண்மாயில் ஊர்கூடி மீன் பிடிக்கும் அழிகண்மாய் நாளில் ஊரே ஊத்தாக் கூடையோடு இறங்கும்போது முழங்கால் சேற்றிலிருந்து விரால் அகப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே நம் கண்மாயில் வெயிலைவிடத் தண்ணீரைப் பாருங்கள்: எவ்வளவு நிற்கிறது, எங்கே நிற்கிறது என்று.

மழை முடிந்ததும் நீங்கள் மீன் பிடித்த தாமரைப் பரப்பு இப்போது வற்றி மேடு தட்டியிருக்கும். மீன் மடைக்குழிக்கும், கரைக்கு மண் வெட்டிய பள்ளங்களுக்கும் இறங்கியிருக்கும். அங்கே போய், லூர் போடாமல் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். மூச்சு விட வந்த விரால் தண்ணீரில் ஒரு வளையம் விட்டுப்போகும். வளையத்தின் மேலேயே போட்டால் கலைந்துவிடும். சற்றுத் தள்ளிப் போட்டு, அந்த இடத்தின் வழியாக இழுத்து வாருங்கள். குறுகிய தண்ணீரில் மீன் மிரண்டே இருக்கும், பெரிய தவளை வேண்டாம். முள்முனையை உடலுக்குள் புதைத்த சிறிய ரப்பர் மீன் போதும். விடியலும் அந்தியும்தான் நேரம்.

ஐப்பசி, கார்த்திகையில் வரத்துக்கால் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும். கலங்கலில் மீனுக்குக் கண் உதவாது, அதிர்வுதான் வழிகாட்டும். தகடு சுழலும் ஸ்பின்னர், அல்லது தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வரும் கறுப்புத் தவளை. இது பாஸ்காரர்கள் சொல்வதுதான், இங்கும் அப்படியே பொருந்தும். தண்ணீர் தெளிந்து அல்லியும் தாமரையும் படர்ந்தபின் பச்சை, பழுப்புத் தவளை. இலைமேல் போட்டு மெல்ல நகர்த்தி, இலைகளுக்கு நடுவே உள்ள சந்தில் இறக்கி நிறுத்துங்கள். அடித்த சத்தம் கேட்டதும் வெட்டி இழுக்காதீர்கள். நூல் இறுகட்டும், அப்புறம் ராடைத் தூக்குங்கள். காற்றடிக்கும் நாளில் ஆகாயத்தாமரை ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் அதன் ஓரத்தை விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மழைக்காலத்தில் செம்மஞ்சள் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து வந்து போகும். கீழே தாய் தகப்பன் காவல் நிற்கும். அந்த நேரத்தில் எந்த லூரைப் போட்டாலும் அடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அதைத் திறமை என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கொதிக்கிறது. காவல் நிற்கும் மீனைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும். பாஸிலும் ஆண் மீன் கூட்டைக் காக்கிறது. அங்கும் நல்ல தூண்டில்காரர்கள் பலர் அந்தப் பருவத்தில் பிடித்த மீனை உடனே திருப்பி விடுகிறார்கள். நீங்கள் கொத்தைக் கண்டால் வேறு கரைக்கு நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம், கண்மாயில் மீன்பாசிக் குத்தகை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். குடிதண்ணீர் ஊரணியில் தூண்டிலே வேண்டாம்.