கூட்டுப்புழுவின் ரத்தத்தில் ஒரு மருந்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆய்வகத்துக்கு செக்ரோபின் ஏ வாங்கியிருக்கிறார்கள். அந்துப்பூச்சியிடமிருந்து கிடைத்த, கிருமி கொல்லும் பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி). குப்பியின் அடியில் சிட்டிகைகூடத் தேறாத வெள்ளைத் தூள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. லேபிளில் ‘ஆய்வுக்கு மட்டும்’. நாற்பது வருடமாக மருந்துக்கடைக்கு வராத ஒன்றை இன்னும் ஏன் ஆராய வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் போமனின் குழு, செக்ரோபியா அந்துப்பூச்சியின் உறங்கும் கூட்டுப்புழுவுக்குள் பாக்டீரியாவை ஊசியால் ஏற்றியது. உறக்கத்தில் அந்த உடம்பில் வேறு வேலை அதிகம் நடப்பதில்லை. ஆகவே ரத்தத்தில் புதிதாக என்ன வந்தாலும் கிருமிக்காக வந்தது என்று பிடித்துவிடலாம். அப்படிப் பிடித்த செக்ரோபினின் அமினோ அமில வரிசை 1981இல் நேச்சர் இதழில் வெளியானது. செக்ரோபின் ஏ-யில் மொத்தமே 37 அமினோ அமிலங்கள்.

சரி, எப்படிக் கொல்கிறது? கிருமியின் மேல் ஏதாவது ஏற்பியை (குறிப்பிட்ட வடிவம் மட்டுமே பொருந்தும் புரதம்) பற்றிக்கொண்டா, நேராகச் சவ்வைக் கிழித்தா? 1990இல் மெரிஃபீல்டும் (பெப்டைடு தயாரிப்பை எளிதாக்கி நோபல் வாங்கியவர்) போமனும் கூட்டாளிகளும் செக்ரோபினின் கண்ணாடிப் பிம்பத்தையே செய்து பார்த்தார்கள். ஏற்பி இருந்தால் இது வேலை செய்யக்கூடாது. வலக்கைக் கையுறை இடக்கையில் ஏறாது. ஆனால் பிம்பமும் அசலைப் போலவே கொன்றது! ஆக, குறி சவ்வுதான். பாக்டீரியாவின் சவ்வில் எதிர்மின்னூட்டம், பெப்டைடில் நேர்மின்னூட்டம். நம் செல்களின் வெளிப்புறம் ஏறக்குறைய நடுநிலை என்பதால் சிவப்பணு தப்பிக்கிறது. தேனீ விஷத்தின் மெலிட்டின் அதையும் விட்டுவைக்காது. எனக்கு இந்தச் சோதனை ஒன்றே போதும், அந்தக் குப்பியின் விலை செரித்துவிடும்.

கடைக்கு வராததற்குக் காரணம் ரகசியமல்ல. நம் உடம்பின் டிரிப்சின் போன்ற நொதிகள் லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கண்டால் வெட்டும், செக்ரோபினிலோ லைசின் நிறைய. பிம்பத்தை டிரிப்சின் தொடாதுதான், ஆனால் செய்கூலி கட்டாது.

அப்புறம், முதல் சோதனையை ஈ. கோலை பாக்டீரியாவில் செய்யுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா இதற்கு எளிதில் மசியாது. அதைப் பார்த்துவிட்டுத் தூள் கெட்டுப்போனது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சோதனைத் தட்டும் பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். பாலிஸ்டைரீனில் இந்த வகைப் பெப்டைடு ஒட்டிக்கொள்ளும், காசு தட்டோடு போய்விடும்.