வலைப்பூ தொடங்க 45,000 ரூபாயா? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: தோட்டத்துச் சமையல், காமன் கூத்து, பெரியவர்கள் சொல்லும் பழைய லயத்துக் கதைகள் இவற்றையெல்லாம் எழுதி இணையத்தில் போட ஆசை. டவுனில் உள்ள ஒரு கடையில் கேட்டேன். "வெப்சைட் செய்து தருகிறோம், 45,000 ரூபாய்" என்றார்கள். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். அவ்வளவு செலவாகுமா?
– தலவாக்கலை வாசகி

பதில்: ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். நீங்கள் கேட்பது வலைப்பூ. கடைக்காரர் விலை சொன்னது கம்பனிகளுக்குச் செய்யும் இணையத்தளத்துக்கு. எழுதிப் போடுவதற்கு கூகுளின் ப்ளொகர் போதும். 1999இல் தொடங்கிய சேவை, 2003இல் கூகுள் வாங்கியது, இன்றும் இலவசம். பாதுகாப்பான இணைப்புக்கான பூட்டுக் குறியும் அதில் இலவசமாகவே கிடைக்கிறது.

முதலில் வலைப்பூவுக்கென்று ஒரு புதிய ஜிமெயில் திறந்துகொள்ளுங்கள். கொமினிகேஷன் கடையில் இருக்கும் அண்ணனைக் கொண்டு திறக்க வேண்டாம். அவருடைய போன் நம்பரும் அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டும் அதில் ஏறிவிடும். இரட்டைச் சரிபார்ப்பைப் (பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் ஏற்பாடு) போட்டவுடன் கூகுள் தரும் 10 பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதி அடையாள அட்டையோடு வையுங்கள். இங்கே சிம் மாற்றாதவர் குறைவு. ரீலோட் போடாமல் விட்ட நம்பர் கொஞ்ச காலத்தில் வேறொருவர் கைக்குப் போய்விடும், உங்களுக்கு வரவேண்டிய குறியீட்டுக் குறுஞ்செய்தியும் அவருக்கே போகும். இன்னொன்று, இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் அழித்துவிடலாம்.

அடுத்தது முகவரி. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் வினை. 'மலையகம்' என்பதற்கு ஒருவர் 'ஜி' போடுவார், இன்னொருவர் 'எச்' போடுவார், மூன்றாமவர் நடுவில் ஒரு 'ஐ' கூட்டுவார். தேர்ந்தெடுத்த பெயரை ஒரு தோழிக்குப் போனில் வாயால் சொல்லி, டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் தடவையே சரியாக வந்தால் அந்தப் பெயரை வையுங்கள்.

ஒவ்வொரு பதிவையும் வெளியிடும் முன் வலப்பக்கத்தில் 'பெர்மாலிங்க்' என்ற இடத்தைத் திறந்து, அந்தப் பதிவின் முகவரியை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாக நீங்களே கொடுங்கள். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் ப்ளொகர் அதை எடுத்துக்கொள்ளாது. 'ப்ளொக் போஸ்ட் 12' என்பது போல ஒன்றை ஒட்டிவிடும். வெளியிட்ட பிறகு மாற்றப் போனால், முன்பு நீங்கள் பகிர்ந்த இணைப்பெல்லாம் செத்துவிடும். வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைப்பூச் சேவைக்குப் போனவர்களுக்கு வேறு தலைவலி. அங்கே தமிழ்த் தலைப்பு முகவரியில் ஏறும், ஆனால் ஒரு தமிழ்க் குறியீடு (எழுத்தும் அதில் சேரும் புள்ளி, கொம்பு போன்றவையும் தனித்தனிக் குறியீடு) உள்ளே 9 குறியாக விரியும். மொத்தம் 200 குறிதான் இடம் என்பதால் 22 குறியீட்டோடு தலைப்பு வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் நான்கு வரிக்கு விழுக்காட்டுக் குறியாக வந்து நிற்கும். அங்கேயும் முகவரியை ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுப்பதுதான் நல்லது.

படம்: போன் கமெரா எடுக்கும் படம் 3 முதல் 5 எம்பி வரை இருக்கும். அகலத்தை 1200 பிக்சலுக்கும் தரத்தை 75க்கும் குறைத்தால் 200 கேபி அளவுக்கு வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும் மேட்டு லயத்தில் உங்கள் பதிவைத் திறப்பவருக்கு இதுதான் பெரிய உதவி. கமெராவில் இடக்குறிப்பையும் அணைத்து வையுங்கள். வீட்டு வாசலில் எடுத்த ரொட்டிப் படத்தோடு வீட்டின் இடமும் ஊருக்குப் போக வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறை 'செட்டிங்ஸ்' பகுதியில் பேக்கப் எடுங்கள். அந்தக் கோப்பில் எழுத்து மட்டும்தான் இருக்கும், படங்கள் இருக்காது. அவற்றைத் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும்.

சொந்தப் பெயரில் டொமைன் (உங்களுக்கே உரிய இணைய முகவரிப் பெயர்) வாங்குவதை 20, 25 பதிவு போட்ட பிறகு யோசியுங்கள். பத்தாவது பதிவைத் தாண்டாத வலைப்பூக்கள் பல. அந்தப் பத்துக்கு முன்னால் காசு கட்டுவானேன்? வாங்கும்போது பழைய பதிவுகளை அப்படியே வைத்துக்கொண்டு ப்ளொகரிலேயே இணைக்கலாம், அதற்கும் கட்டணமில்லை. டொமைன் விற்றவரின் பக்கத்தில், பெயரை ப்ளொகரோடு இணைக்கும் குறிப்புகளாக ப்ளொகர் தரும் இரண்டு சி-நேம் பதிவுகளையும் நான்கு ஏ பதிவுகளையும் இட்டுவிட்டு ஒரு நாள் பொறுக்க வேண்டும். பிழை காட்டினால், முன்னால் மூன்று டபிள்யூ போடாமல் வெறும் பெயரைக் கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

கேள்வி: "மாதம் 1.99 டொலருக்கு ஹொஸ்டிங், டொமைன் இலவசம்" என்ற விளம்பரத்தை நம்பிக் காசு கட்டப் போனேன். கடைசிப் பக்கத்தில் 95 டொலருக்கு மேல் காட்டுகிறது. ஏமாற்றா?
– ஹட்டன் வாசகர்

பதில்: ஏமாற்று என்று வழக்குப் போட முடியாதபடி எழுதப்பட்ட விளம்பரம். ஹொஸ்டிங் என்பது தளத்தை வைக்க எடுக்கும் வாடகை இடம். 1.99ஐ 48 மாதத்தால் பெருக்கிப் பாருங்கள்: 95.52. நான்கு வருடக் காசை ஒரேயடியாகக் கட்டினால்தான் அந்த மாத விலை. ஒரு வருடத்துக்கு மட்டும் என்று மாற்றினால் மாத விலை ஏறும். சிறிய எழுத்தில் 'புதுப்பிக்கும் விலை' என்று ஒன்று இருக்கும், அது முதல் விலையைப் போல இரண்டு மூன்று மடங்காக இருப்பது சகஜம். நீங்கள் உண்மையில் கட்டப்போகும் விலை அதுதான். ஒப்பிடும்போது அந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

காசு கட்டும் பக்கத்தில் ஏற்கெனவே சரி போட்டிருக்கும் பெட்டிகளையும் பாருங்கள். பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காசு கேட்டால் எடுத்துவிடுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது. 'அளவில்லா இடம்' என்று எழுதியிருந்தாலும் கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு விதிமுறையில் இருக்கும். 'டொமைன் இலவசம்' என்பது முதல் வருடத்துக்குத்தான். 30 நாளில் பணம் திரும்பும் என்றால்கூட டொமைனுக்கு உரியதைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

அட்டையில் கட்டும்போது, வெளிநாட்டு ஒன்லைன் கொடுக்கல் வாங்கலுக்கு அந்த அட்டை திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கி தன் மாற்று விகிதத்தில்தான் ரூபாயைக் கழிக்கும். கட்டிய அன்றே ஹொஸ்டிங்கின் தானியங்கிப் புதுப்பித்தலை அணைத்துவிடுங்கள். டொமைனுக்கு மட்டும் அணைக்காதீர்கள். ஹொஸ்டிங் நின்றால் வேறு இடத்தில் வாங்கலாம். டொமைன் காலாவதியானால், முதல் சலுகை நாட்கள் முடிந்தபின் வரும் 30 நாள் மீட்புக் காலத்தில் பல மடங்கு தண்டம் கேட்பார்கள், அதற்குப் பிறகு யாரும் எடுத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கியவுடன் மின்னஞ்சலை உறுதிசெய்யச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் டொமைன் முடங்கும். அது ஸ்பாம் பெட்டியில் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

கேள்வி: எல்லவில் மூன்று அறை வைத்து நடத்துகிறோம். ஒரு இளைஞர் வலைப்பூவும் டொமைனும் செய்து தந்தார். நன்றாக ஓடியது. இப்போது போனே எடுப்பதில்லை. பாஸ்வேர்டும் அவரிடம்தான். என்ன செய்வது?
– எல்ல, விடுதி நடத்துபவர்

பதில்: இதே கதை பல ஊர்களிலிருந்தும் வருகிறது. முதல் வேலை: பக்கங்களில் உள்ள எழுத்து, படம் எல்லாவற்றையும் இன்றே சேமித்து வையுங்கள். தளம் அணைந்த பிறகு அழுது பயனில்லை.

இரண்டாவது, டொமைன் பெயர்களை உலக அளவில் மேற்பார்க்கும் ஐகான் அமைப்பின் இலவசத் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனைக் கொடுத்துப் பாருங்கள். எந்தக் கம்பனி மூலம் வாங்கப்பட்டது, எப்போது காலாவதியாகிறது என்பது தெரியும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்திருக்கும். பிறகு அந்த இளைஞரிடம் எழுத்தில் கேளுங்கள்: டொமைனின் பூட்டை எடுத்து, 'ஒத் கோட்' எனப்படும் மாற்றுக் குறியீட்டைத் தரும்படி. அதைக் கொண்டு வேறு கம்பனியில் உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். வாங்கி 60 நாள் ஆகாத டொமைனைப் பொதுவாக மாற்ற முடியாது. டொட் எல்கே பெயர் என்றால் நேரே எல்கே டொமைன் பதிவகத்தைத்தான் கேட்க வேண்டும்.

பில் இருக்கிறதா? இருந்தால், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வைத்திருக்கும் கெடு அது. 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். பில்லே இல்லாமல் கையில் காசு கொடுத்திருந்தால் வாட்ஸ்அப் பேச்சும் வங்கிச் சீட்டும்தான் சாட்சி. எதையும் அழிக்காதீர்கள்.

அவர் கடைசிவரை அசையாவிட்டால், புதிய டொமைனை உங்கள் மின்னஞ்சலில் வாங்கி, சேமித்ததை ஏற்றி, கூகுள் வரைபடத்தில் உள்ள விடுதிப் பக்கத்தில் முகவரியை மாற்றுங்கள். விருந்தினர் அங்கிருந்துதான் வருகிறார்கள். இனி யாரிடம் வேலை கொடுத்தாலும், டொமைன் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் நம்பரில் திறக்கப்படும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். செய்து தருபவருக்கு வேலை செய்ய மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயர் 2010 முதல் இருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் சில செயலிகளில் 'எக்ஸ் என்' என்று தொடங்கும் குப்பைபோலத் தெரியும். விடுதிக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: முப்பது வருடமாக எழுதிய கட்டுரைகள் கம்ப்யூட்டரில் உள்ளன. வலைப்பூவில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்தாக வருகிறது.
– நோர்வூட், ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, நீங்கள் டைப் செய்தது பாமினி எழுத்துருவில். அதில் 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும், உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி இல்லாத இடத்தில் அவை அப்படியே அம்மணமாக நிற்கும். எல்லாக் கருவியிலும் ஒரேபோலத் தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, காசு கொடுத்து யாரிடமும் செய்விக்க வேண்டாம்.

ஆனால் முழுக் கட்டுரையையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். இடையில் நீங்கள் ஆங்கில எழுத்துருவில் அடித்த பெயர்களையும் மாற்றி தமிழாக்கிக் குதறிவிடும். பாமினியில் 'இ' இருப்பது காற்புள்ளி விசையில். ஆகவே ஆங்கில வரியில் நீங்கள் போட்ட ஒவ்வொரு காற்புள்ளியும் 'இ' ஆகிவிடும். பந்தி பந்தியாக மாற்றி, ஆங்கிலத் துண்டுகளைப் பிறகு கையால் சேருங்கள். மாற்றிய பின் நடுவில் அர்த்தமில்லாமல் 'இ' நிற்கிறதா என்று தேடினால் பிழை பாதி சிக்கிவிடும். புதிதாக எழுதுவதற்கு போனில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டைப் போட்டு வாயால் சொல்லியும் எழுதலாம். ஊர்ப் பெயர்களை மட்டும் திருத்த வேண்டியிருக்கும்.

கேள்வி: "அட்சென்ஸ் அனுமதி கிடைத்த கணக்கு, 15,000 ரூபாய்" என்று ஒருவர் விற்கிறார். வாங்கினால் உடனே விளம்பர வருமானம் வரும் என்கிறார்.
– மஸ்கெலியா வாசகர்

பதில்: வாங்காதீர்கள். அட்சென்ஸ் என்பது வலைப்பூவில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுள் சேவை. கணக்கைக் கைமாற்றுவது கூகுளின் விதிக்கு முரண். வங்கிக் கணக்கின் பெயரும் பணம் பெறுபவர் பெயரும் பொருந்த வேண்டும் என்பதால், 15,000 கொடுத்து வாங்கியதிலிருந்து உங்கள் கைக்குக் காசு வரப்போவதில்லை. 18 வயதான எவரும் தாமாகவே இலவசமாக விண்ணப்பிக்கலாம். தமிழ்ப் பக்கங்களுக்கு அட்சென்ஸ் 2018 பெப்ரவரி முதல் உண்டு. ஒருவருக்கு ஒரு கணக்குதான்.

நம் பக்கத்தில் வழுக்கும் இடம் வேறு. வருமானம் 10 டொலரைத் தொட்டதும் கூகுள் ஒரு இரகசிய எண்ணைச் சாதாரணத் தபாலில் அனுப்பும். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். லயத்துக்குக் கடிதம் எப்படி வருகிறது என்று உங்களுக்கே தெரியும்: தோட்டத்து ஆபிஸுக்கு வந்து, மேசையில் கிடந்து, யாராவது அந்த டிவிஷனுக்குப் போகும்போது கொடுத்துவிடுவார்கள். பெயர் பிசகினால் அதுவும் இல்லை. எண்ணை நான்கு மாதத்துக்குள் உள்ளிடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். ஆகவே 10 டொலர் தொடும் முன்பே முகவரியைத் திருத்துங்கள். டவுனில் கடையோ வேலையிடமோ உள்ள நம்பகமான உறவினரின் முகவரி இருந்தால் அவரைக் கேட்டு அதைக் கொடுங்கள். இல்லாவிட்டால் தோட்டம், டிவிஷன், லய எண், தபாற்கந்தோர், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு என்று ஆங்கிலத்தில் முழுமையாக எழுதி, ஆபிஸில் கடிதம் பிரிப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வராவிட்டால் மறுபடி கேட்கலாம். பல தடவை கேட்டும் வராதவர்கள் அடையாள அட்டையை ஏற்றி உறுதிசெய்யவும் வழி இருக்கிறது.

100 டொலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள், மாதத்தின் 21க்கும் 26க்கும் இடையில். தமிழில் தொடங்கும் வலைப்பூவுக்கு அந்த நூறு சேர மாதக்கணக்கு ஆகும், பலருக்கு வருடக்கணக்கு. அவசரப்பட்டு சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் "விளம்பரத்தை ஒருக்கா அழுத்துங்க" என்று போட்டால் கணக்கு முடக்கப்படும். போனது போனதுதான்.

கேள்வி: வலைப்பூ எழுத லெப்டொப் கட்டாயமா? பாவித்தது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.
– வெலிமடை வாசகி

பதில்: கட்டாயமில்லை, போன் போதும். வாங்கியே ஆவதென்றால் இரண்டு கேள்வி. இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதா? அதற்கு முந்தியது விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அடுத்தது, விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயாரித்தபோது கொள்ளளவு 42,000, இப்போது முழுதாக ஏறுவது 19,000 என்று காட்டினால், மின்சாரம் போனதும் அரை நேரத்தில் அணைந்துவிடும் பேட்டரி அது. புதிய பேட்டரியின் விலையை மொத்தத்தில் கழித்துப் பேசுங்கள்.

கேள்வி: ஃபேஸ்புக், வாட்ஸ்அப் பெக்கேஜ் மட்டும் போட்டிருக்கிறேன். அதில் வலைப்பூ போடலாமா?
– கொட்டகலை வாசகர்

பதில்: முடியாது. ப்ளொகர் அந்தப் பெக்கேஜில் அடங்காது, மெயின் பேலன்ஸ்தான் கரையும். எல்லாத் தளத்துக்குமான சிறிய டேட்டா பெக்கேஜ் ஒன்றைப் போடுங்கள். இணைப்பில்லாமல் போனின் நோட்ஸில் எழுதி முடித்து, படங்களையும் சுருக்கி வைத்துக்கொண்டு, டேட்டாவைத் திறந்து ஒட்டி வெளியிட்டால் ஒரு பதிவுக்கு 10 எம்பிகூடப் போகாது.